எச்.ஐ.வி. பரிசோதனை: முதலில் திகதியைப் பாருங்கள்

இந்தப் பக்கத்தில் இதுவரை நீரிழிவு, இரத்த அழுத்தம், முழங்கால் வலி என்று வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்து வாசிக்கக்கூடிய விடயங்களையே எழுதி வந்தோம். இம்முறை எடுத்துக்கொண்ட விடயத்தைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனாலும் எழுதத்தான் வேண்டும் என்று நினைக்க வைத்தது ஒரு தொலைபேசி அழைப்பு.

"அக்கா, ஒரு விசயம் கேக்கோணும். ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்று தொடங்கினார் அந்தத் தங்கை. முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்பவர். ஒரு முதியவருக்கு இன்சுலின் போட்டுவிட்டு ஊசியைக் கழற்றும்போது அது அவருடைய விரலில் குத்திவிட்டது. வேலை ஒப்பந்தம் இன்னும் நிரந்தரமாகவில்லை. சொன்னால் கவனமில்லாதவள் என்று எழுதி வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் பொறுப்பாளரிடம் சொல்லவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை. ஒன்பது நாள் கழித்துத் தாங்க முடியாமல் ஒரு வைத்தியரிடம் போய், காரணம் எதுவும் கூறாமல், எச்.ஐ.வி. பரிசோதனை எடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறார். முடிவு நெகட்டிவ். இரண்டு இரவு நிம்மதியான நித்திரை. மூன்றாம் இரவு கணினியில் எதையோ வாசித்துவிட்டு எனக்கு அழைத்தார்.

"அந்தப் பேப்பரை நம்பலாமோ அக்கா?"

தாராளமாக நம்பலாம். ஆனால் அந்தப் பேப்பர் ஊசி குத்திய நாளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அதற்கு முந்திய அவருடைய வாழ்க்கையில் எச்.ஐ.வி. இருக்கவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. ஒன்பது நாளில் எடுத்த பரிசோதனையால் அவ்வளவுதான் சொல்ல முடியும். இதை அவருக்கு ஒருவரும் விளக்கவில்லை. வைத்தியருக்குத் திகதி தெரியாது. தங்கைக்குத் திகதி முக்கியம் என்று தெரியாது.

ஏன் அப்படி? எச்.ஐ.வி. கிருமி உடலுக்குள் போனவுடன் இரத்தத்தில் தெரிவதில்லை. முதலில் நுழைந்த இடத்துக்கு அண்மையிலுள்ள கலங்களிலும் நிணநீர்க் கணுக்களிலும் பெருகுகிறது. ஏறத்தாழ பத்து நாளளவில் கிருமியின் மரபுப் பொருள் இரத்தத்தில் அளக்கக்கூடிய அளவுக்கு வருகிறது. அதன் பிறகு சில நாட்களில், கிருமியின் ஒரு பகுதியான பி24 என்ற புரதம் தென்படத் தொடங்கும். அதற்கும் பிறகுதான், பெரும்பாலும் மூன்று நான்கு வாரங்களில், நமது உடல் கிருமிக்கு எதிராகத் தயாரிக்கும் பிறபொருளெதிரிகள் வருகின்றன. (தமிழ்நாட்டுப் புத்தகங்களில் இதையே எதிர்ப்பொருள் என்பார்கள்.) தொற்று ஏற்பட்டும் பரிசோதனையில் தெரியாத இந்த இடைக்காலத்தைத்தான் வைத்தியர்கள் சாளரக் காலம் என்கிறார்கள். சாளரம் என்றால் வெளிச்சம் வரும் வழி என்று நினைப்போம். இங்கே பொருள் நேர்மாறு. ஒன்றுமே தெரியாத காலத்துக்கு இப்படி ஒரு பெயரை யார் வைத்தார்களோ!

இன்று ஜேர்மனியில் வைத்தியர் கையிலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் பரிசோதனை, பி24 புரதம், பிறபொருளெதிரி இரண்டையும் ஒரே நேரத்தில் தேடுகிறது. தொற்று ஏற்பட்டவர்களில் பாதிப் பேருக்கு 18 நாளளவிலேயே இது காட்டிக் கொடுத்துவிடும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு 45 நாளளவில் காட்டிவிடும். இதை வைத்துத்தான் இங்கே ஆறு வாரம் என்று கணக்குச் சொல்கிறார்கள். கடைசியாகச் சந்தேகத்துக்கிடமான சம்பவம் நடந்து ஆறு வாரம் முடிந்தபின் எடுத்த ஆய்வுகூடப் பரிசோதனை நெகட்டிவ் என்றால், அந்தச் சம்பவத்தால் தொற்று வரவில்லை. விடயம் அத்துடன் முடிந்தது. திரும்பவும் மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் என்று ஓடத் தேவையில்லை.

விரலில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்துச் சில நிமிடங்களில் முடிவு காட்டும் விரைவுப் பரிசோதனைக்கும், 2018ஆம் ஆண்டிலிருந்து ஜேர்மன் மருந்தகங்களில் யாரும் வாங்கக்கூடிய வீட்டுப் பரிசோதனைக்கும் கணக்கு வேறு. இவை பெரும்பாலும் பிறபொருளெதிரியை மட்டுமே தேடுவதால் பன்னிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். மூன்றாம் வாரத்தில் கடையில் வாங்கி, குளியலறையில் கதவைப் பூட்டிக்கொண்டு செய்து பார்த்து நிம்மதியடைவது வீண் செலவு.

இந்த இடத்தில் எம்மவரிடையே ஒரு குழப்பம் உண்டு. கனடாவில் இருக்கும் மச்சாள் மூன்று மாதம் என்பார். ஊரிலிருக்கும் மாமா ஆறு மாதம் என்பார். இலண்டனில் தாதியாக வேலை செய்பவர் 45 நாள் என்பார். ஒருவரும் பொய் சொல்லவில்லை. 1985இல் முதன்முதலாக வந்த பரிசோதனைகள் பிறபொருளெதிரியை மட்டும், அதுவும் மெதுவாகவே கண்டுபிடித்தன. அந்தக் காலத்து மூன்று மாதமும் ஆறு மாதமும்தான் இன்னும் பலர் நினைவில் நிற்கின்றன. ஜேர்மனியிலும் 2015 வரை பன்னிரண்டு வாரம் என்றுதான் சொன்னார்கள். பரிசோதனை மேம்பட்டபின் ஆய்வுகூடப் பரிசோதனைக்கு அது ஆறாகக் குறைந்தது. பிரித்தானியாவில் அதே பரிசோதனைக்கு 45 நாள் என்கிறார்கள். நமது 42 நாளுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆகவே எத்தனை வாரம் என்று கேட்குமுன் எந்தப் பரிசோதனை என்று கேட்க வேண்டும்.

தங்கையிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கேட்ட அடுத்த கேள்விதான் எனக்குக் கவலை தந்தது. "அப்ப நான் முதல் நாளே போயிருந்தாலும் ஒண்டும் தெரிஞ்சிருக்காதுதானே?"

தெரிந்திருக்காது. ஆனால் செய்வதற்கு இருந்தது. பெப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு தடுப்புச் சிகிச்சை இருக்கிறது. எச்.ஐ.வி. மருந்துகளை நான்கு வாரம் எடுத்தால், உள்ளே வந்த கிருமி நிலைகொள்ளாமல் தடுக்கும் வாய்ப்பு மிக அதிகம். இதை இரண்டு மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் மிக நல்லது. 24 மணித்தியாலத்துக்குள் என்றால் நல்லது. 48 மணித்தியாலம் கடந்துவிட்டால் ஜேர்மனியில் பொதுவாகக் கொடுப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை 72 மணித்தியாலம். பரிசோதனையில் நாள் போகப் போக உண்மை தெளிவாகும். பெப் மருந்திலோ மணிக்கு மணி வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும். "ஆறு வாரம் கழித்துப் பார்ப்போம்" என்று முதல் நாளே முடிவெடுத்து வீட்டில் இருந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

வேலையிடத்தில் ஊசி குத்தினால் அது வேலை விபத்து. மூத்தோர் பராமரிப்பில் இருப்பவர்கள், வைத்தியசாலைகளில் துப்புரவுப் பணி செய்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! குப்பைப் பையிலிருந்து ஊசி குத்திய கதைகளும் கேட்டிருக்கிறேன். உடனே தண்ணீரில் நன்றாகக் கழுவி, கிருமிநாசினி போட்டு, பொறுப்பாளரிடம் பதிவு செய்து, அன்றே விபத்து வைத்தியரிடம் போக வேண்டும். இங்கே துர்ஹ்காங்ஸ்ஆர்ட்ஸ்ட் என்று சொல்வது அவரைத்தான். செலவு தொழில் விபத்துக் காப்புறுதியுடையது. அவர் முதல் நாளே ஒரு தடவை இரத்தம் எடுப்பார். இப்போது ஒன்றும் தெரியாதே, ஏன் எடுக்கிறார் என்று நினைக்க வேண்டாம். சம்பவத்தின்போது உங்களிடம் தொற்று இருக்கவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. பின்னால் ஏதாவது நேர்ந்தால் காப்புறுதி கேட்கும் முதல் தாள் அது.

பயத்தின் அளவையும் கொஞ்சம் சரிபார்த்துக்கொள்வோம். தொழில்சார் மருத்துவத்தில் 300, 30, 3 என்று ஒரு எளிய கணக்கு உண்டு. தொற்றுள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவர்களில் ஆயிரத்துக்கு 300 பேர் வரை ஹெபடைடிஸ் பி தொற்றுக்கு ஆளாகலாம். ஹெபடைடிஸ் சி என்றால் 30 பேர். எச்.ஐ.வி. என்றால் 3 பேர். அதுவும் அந்த நோயாளி எச்.ஐ.வி. உள்ளவராக, சிகிச்சை பெறாதவராக இருந்தால்தான். எம்மவர்கள் மூன்றாவதைக் கண்டு நடுங்குகிறார்கள், முதலாவதற்குத் தடுப்பூசி போட்டிருக்கிறோமா என்று பார்ப்பதில்லை.

ஊசியை மட்டும் பேசிவிட்டு நழுவிவிட முடியாது. எச்.ஐ.வி. பெரும்பாலும் பாதுகாப்பற்ற உடலுறவாலேயே பரவுகிறது. ஆணுறை கிழிந்திருக்கலாம், போடாமலே இருந்திருக்கலாம். திருமணத்துக்கு முன்போ, திருமணத்துக்கு வெளியேயோ, ஆணும் ஆணுமோ, எதுவாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். முதல் இரண்டு நாளுக்குள் பெப் பற்றிக் கேட்பது. அது தாண்டிவிட்டால் ஆறு வாரத்தில் ஆய்வுகூடப் பரிசோதனை. பெப் எடுத்தவர்கள் மருந்து முடிந்த நாளிலிருந்தே ஆறு வாரத்தை எண்ண வேண்டும். இடையில் காய்ச்சல், தொண்டை நோவு, தோலில் சிவப்புப் புள்ளிகள் வந்தால் அது எச்.ஐ.வி. ஆகவும் இருக்கலாம், சாதாரணத் தடிமனாகவும் இருக்கலாம். அறிகுறியை வைத்து ஒருவராலும் சொல்ல முடியாது. அந்த ஆறு வாரமும் வாழ்க்கைத் துணையுடன் ஆணுறை பாவிப்பதும், இரத்ததானம் செய்யாமல் இருப்பதும் கட்டாயம்.

சரி, முடிவு பொசிட்டிவ் என்று வந்தால் அதை எவ்வளவு நம்பலாம்? இதற்கு எங்கள் மொழி பேசும் மண்ணிலேயே ஒரு வரலாறு இருக்கிறது.

1985இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த நிர்மலா என்ற மாணவிக்கு, அவருடைய ஆசிரியை டாக்டர் சுனிதி சாலமன் ஓர் ஆய்வுத் தலைப்புக் கொடுத்தார்: சென்னையில் எச்.ஐ.வி. இருக்கிறதா? அது மேல்நாட்டு நோய், நம் பண்பாட்டில் வராது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். கணவர் ராமமூர்த்தியின் துணையுடன் நிர்மலா எண்பதுக்கு மேற்பட்ட பெண்களின் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். தக்க வசதியில்லாமல் அவற்றை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்ததாகப் பின்னாளில் கூறியிருக்கிறார். சோதித்துப் பார்க்கும் வசதி சென்னையில் இல்லை. 1986 பெப்ரவரியில் மாதிரிகளை ரயிலில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப் போனார்கள். அங்கே டாக்டர் ஜேக்கப் ஜானின் ஆய்வுகூடத்தில் ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறமாக மாறின. மஞ்சள் என்றால் பொசிட்டிவ்.

அந்த மஞ்சளைப் பார்த்தவுடன் அவர்கள் ஊருக்கு அறிவித்துவிடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அந்த ஆறு பெண்களிடமும் மறுபடி புதிதாக இரத்தம் எடுத்தார்கள். அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் வெஸ்டர்ன் புளொட் என்னும் வேறொரு முறையால் சோதித்தார்கள். அங்கேயும் பொசிட்டிவ் என்று வந்த பிறகுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று அரசுக்குச் சொன்னார்கள். டாக்டர் சுனிதி சாலமன் பின்னர் 1993இல் சென்னையில் வை.ஆர்.ஜி. கேர் நிலையத்தைத் தொடங்கி, 2015இல் காலமாகும்வரை எச்.ஐ.வி. உள்ளவர்களுக்காகவே உழைத்தார்.

அன்று வேலூரில் செய்த ஒழுங்குதான் இன்றும் எங்கும் நடக்கிறது. முதற்பரிசோதனை ஒன்றையும் தவறவிடக் கூடாது என்பதற்காக மிக நுணுக்கமாக அமைக்கப்பட்டது. அதனால் சில வேளை இல்லாததையும் இருப்பதாகக் காட்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜேர்மனியில் எச்.ஐ.வி. உடன் வாழ்பவர்கள் ஏறக்குறைய 97 ஆயிரம் பேர் என்று 2023ஆம் ஆண்டு முடிவுக்கான ரொபேர்ட் கொக் நிறுவன மதிப்பீடு சொல்கிறது. அதாவது பத்தாயிரம் பேருக்குப் பன்னிரண்டு பேரளவில். பரிசோதனை ஆயிரத்தில் இருவருக்குத் தவறாகப் பொசிட்டிவ் காட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், பத்தாயிரம் பேரைச் சோதிக்கும்போது உண்மையில் உள்ளவர்கள் 12, தவறாகக் காட்டப்படுபவர்கள் 20. ஆகவே முதல் தாளில் பொசிட்டிவ் போலத் தெரிந்தால் அது இன்னும் நோய் நிர்ணயம் ஆகாது. அதே இரத்தத்தை வேறு முறையில் உறுதிப்படுத்தி, மாதிரி மாறிப்போகவில்லை என்று நிச்சயிக்க இரண்டாம் முறை இரத்தம் எடுத்துப் பார்த்த பிறகே வைத்தியர் முடிவு சொல்வார். வீட்டுப் பரிசோதனையில் இரண்டு கோடு தெரிந்தவர்களும் இந்தப் படியைத் தாண்ட வேண்டும். அந்தச் சில நாட்கள் கொடுமையானவை. தனியே இருக்காமல் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிக்கொள்ளுங்கள்.

கருவி சரியாக இருந்தும் மனிதர் தவறினால் என்ன நடக்கும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே கதை உண்டு. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஏற்றிய இரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. தானம் செய்தவர் ஓர் இளைஞர். வெளிநாட்டு வேலைக்காக எடுத்த மருத்துவப் பரிசோதனையில்தான் தனக்குத் தொற்று இருப்பது அவருக்குத் தெரிய வந்தது. தெரிந்ததும் தானாகவே போய் இரத்த வங்கியில் சொன்னார். அதற்குள் இரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. இரண்டு வருடங்களுக்கு முன்பு அவர் இரத்ததானம் செய்தபோதே தொற்று தெரிந்திருந்தும் அந்தச் செய்தி அவரைச் சென்றடையவில்லை என்பது பின்னர் வெளிவந்தது. உண்மையைச் சொன்ன அந்தப் பிள்ளை அதே மாதம் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த மாதம் பிறந்த குழந்தைக்குத் தடுப்பு மருந்து கொடுத்ததில் தொற்று இல்லை என்று பரிசோதனைகள் காட்டின. பரிசோதனை முடிவு ஒரு தாளில் இருந்தால் போதாது. உரியவர் காதில், ஆறுதலாக விளக்கிச் சொல்ல ஓர் ஆளுடன், போய்ச் சேர வேண்டும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. இலவசமாக எச்.ஐ.வி. பார்ப்பார்கள் என்று சந்தேகத்துடன் இரத்ததானத்துக்குப் போகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஜேர்மனியில் தான இரத்தத்தில் கிருமியின் மரபுப் பொருளையே தேடுகிறார்கள். அதற்கும் முதல் பத்து நாளளவு தெரியாக் காலம் இருக்கிறது.

டுசல்டோர்ஃபில் எங்கே போவது? ஓபர்பில்க் பகுதியில் கெல்னர் ஸ்ட்ராஸ 180இல் நகர சுகாதாரத் திணைக்களம், நாம் கெசுண்ட்ஹைட்ஸ்அம்ட் என்று சொல்வது, இருக்கிறது. அங்கே எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் பெயர் கேட்காமல் செய்கிறார்கள். காப்புறுதி அட்டை காட்டத் தேவையில்லை. பெயருக்குப் பதிலாக ஓர் இலக்கம். இது சலுகை அல்ல, 2001இல் நடைமுறைக்கு வந்த தொற்றுத் தடுப்புச் சட்டம் சுகாதாரத் திணைக்களங்களுக்கு விதித்த கடமை. நேரங்கள் மாறுவதால் முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். நகரிலுள்ள எய்ட்ஸ்ஹில்ஃப அமைப்பிலும் ஆலோசனை கேட்கலாம். இரவில், வார இறுதியில், பெப் தேவைப்பட்டால் பல்கலைக்கழக வைத்தியசாலையின் அவசரப் பிரிவுதான் வழி. "விடியட்டும்" என்று இருக்காதீர்கள்.

தெரிந்தவர் கண்டுவிடுவாரோ என்பதுதான் நம்மவரின் பெரிய பயம். பெயர் சொல்லாத இடத்திலிருந்து பெயர் எங்கும் போக வழியில்லை. உங்கள் குடும்ப வைத்தியரும் இரகசியம் காக்கச் சட்டப்படி கட்டுப்பட்டவர். ஆனால் ஒன்று, மொழிபெயர்க்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பன்னிரண்டு வயது மகன் அம்மாவுக்காக இதைக் கேட்டுச் சொல்லும்படி வைப்பது நியாயமில்லை. ஜேர்மன் வராதவர்கள் சம்பவம் நடந்த திகதியையும், பெப் எடுத்ததா இல்லையா என்பதையும், எச்.ஐ.வி. டெஸ்ட் அனோனூம் என்பதையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

"நெகட்டிவ்" என்ற சொல்லையும் முன்கூட்டியே விளங்கிக்கொள்ளுங்கள். வைத்தியர் "நெகட்டிவ்" என்றதும் ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்து அங்கேயே அழுத அம்மா ஒருவரை எனக்குத் தெரியும். இந்த விடயத்தில் நெகட்டிவ் என்றால் தொற்று இல்லை.

பொசிட்டிவ் என்று உறுதியானவர்களுக்கும் இன்று வாழ்க்கை முடிந்துபோவதில்லை. தினமும் மருந்து எடுத்தால் ஏறக்குறைய எல்லோரையும் போன்ற ஆயுள் உண்டு. மருந்தால் இரத்தத்தில் கிருமி அளக்க முடியாத அளவுக்குக் குறைந்தவர், உடலுறவால் மற்றவருக்குத் தொற்றுவதில்லை என்பதை 2016இலும் 2019இலும் வெளிவந்த பார்ட்னர் ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆபத்து, தெரியாமல் இருப்பவர்களுக்குத்தான். ஜேர்மனியில் அப்படி எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருப்பதாக அதே மதிப்பீடு சொல்கிறது. கர்ப்பிணிகளுக்கு இங்கே இந்தப் பரிசோதனையை வழக்கமாகவே கேட்பார்கள். முட்டர்பாஸில் பரிசோதனை நடந்தது என்று மட்டும் எழுதுவார்கள், முடிவை எழுதுவதில்லை. மறுக்க வேண்டாம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அங்கீகரித்ததற்கு ஒரு காரணம், கர்ப்பிணிகள் எல்லோரையும் சோதித்ததுதான்.

அந்தத் தங்கை மறுநாளே பொறுப்பாளரிடம் சொன்னார். திட்டு விழவில்லை, படிவம்தான் நிரப்பச் சொன்னார்களாம். பெப்புக்குக் காலம் கடந்துவிட்டது. நாட்காட்டியில் 42ஆம் நாளைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டுக் காத்திருந்தார். கணவருக்கும் அன்றே சொல்லிவிட்டார். நாற்பத்து நான்காம் நாள் எடுத்த இரத்தம் நெகட்டிவ். ஹெபடைடிஸ் சிக்கு ஆறாம் மாதம் இன்னொரு தடவை வரச் சொல்லியிருக்கிறார்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அவருக்குப் பாதியில் நின்றிருந்தது தெரிய வந்து, மிச்ச ஊசியையும் போட்டுக்கொண்டிருக்கிறார்.